துடுப்பை மட்டும் எடுத்துச் சென்ற பிள்ளைகள்

ஹாமில்டன், நியூசிலாந்து
செப்டம்பர் 2024

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். ஜூலையில் நீங்கள் எழுதிய கடிதம், நான் ஹவாய்த் தீவுகளுக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் கைக்கு வந்தது. கண் அறுவைக்குப் பிறகு உங்கள் கையெழுத்து பழையபடி வரி பிசகாமல் ஓடுவதைப் பார்த்ததும் பாதிக் கவலை தீர்ந்தது. பதில் இவ்வளவு தாமதமானதற்கு என் பேத்திதான் காரணம். இந்தக் கடிதம் முழுவதும் அவளையும் அவளுடைய தோழியரையும் பற்றியதாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு இப்போது 15 வயது. மூன்று ஆண்டுகளாக வக்கா அமா என்னும் தோணி விளையாட்டில் இருக்கிறாள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். வக்கா என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் தோணி. அமா என்பது அதன் இடப்பக்கத்தில், இரண்டு குறுக்குக் கழிகளின் முனையில் கட்டப்பட்டு நீரில் படிந்து வரும் மிதவை. ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்துகிறார்கள். தோணி 13 மீட்டருக்கு மேல் நீளம், அகலமோ ஒருவர் இடுப்பு நுழையும் அளவுதான். அந்த மிதவை இல்லையென்றால் நொடியில் கவிழ்ந்துவிடும். கடந்த ஜனவரியில் இங்கே கராபிரோ ஏரியில் நடந்த தேசியப் போட்டியில் இவர்கள் குழு, 16 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில், ஆகஸ்டில் ஹவாயின் ஹீலோ நகரில் நடக்கவிருந்த உலகக் குறுந்தூரப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

அன்றிலிருந்து ஆறு மாதம் பயிற்சி பாதி, பணம் திரட்டுவது பாதி என்று வீடு அலைந்தது. கடை வாசலில் சாசேஜ் சுட்டு விற்றார்கள், சீட்டுக் குலுக்கினார்கள், குழுவில் ஒரு பெண்ணின் தாத்தா தம் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டிச் சூடான கற்களின் மேல் இறைச்சியையும் கிழங்கையும் வேகவைக்கும் ஹாங்கி போட்டு, பொட்டலம் பொட்டலமாக விற்றுக் கொடுத்தார். குளிர்காலத்து விடியலில், ஏரியின் மேல் பனிமூட்டம் விலகாத நேரத்தில், தோணியை நீரில் இறக்குவதற்கு முன் கரகியா என்னும் வேண்டுதலைச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்கள். தோணியை யாரும் தாண்டிச் செல்லக் கூடாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அவர்கள் மரபு. நம் பேத்தி ஒரு நாள் வீட்டில் கிடந்த துடுப்பைத் தாண்டப்போன தன் தம்பியைத் தடுத்து நிறுத்தியதைப் பார்த்தபோது, புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொண்ட நம் பள்ளி நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

ஆக்லாந்தில் இரவில் விமானம் ஏறினோம். ஒன்பது மணி நேரம் பறந்து ஹொனலூலுவில் இறங்கியபோது அங்கே அதே நாளின் காலை. தேதிக் கோட்டைக் கடந்ததால் ஹவாய் நியூசிலாந்துக்கு 22 மணி நேரம் பின்னே இருக்கிறது. விமான நிலையத்தில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன், அதுவே இந்தப் பயணம் முழுவதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவர் தோளிலும் நீளமான உறையில் ஒரு துடுப்பு இருந்தது, தோணி இல்லை. உலகப் போட்டியில் எந்த நாட்டவரும் தம் தோணியைக் கொண்டு வருவதில்லை. போட்டியை நடத்துபவர்களே ஒரே அச்சில் வார்த்த தோணிகளை நிறுத்தி வைக்கிறார்கள். எந்தத் தடத்துக்கு எது கிடைக்கிறதோ அதில் ஏறி ஓட வேண்டும். இருக்கையின் உயரமும் கால் ஊன்றும் இடமும் பழகியவை அல்ல. மிதவை எவ்வளவு இலேசாக எழும்பும் என்பதும் ஏறிய பிறகுதான் தெரியும். கடல்மேல் தம் தோணியில் தீவு தீவாக வந்து குடியேறியவர்களின் வழிவந்த பிள்ளைகள், தோணியைக் கரையில் விட்டுவிட்டு வானத்தில் பறந்து போய் இரவல் தோணியில் போட்டியிடுகிறார்கள். முதலில் அது எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு, போட்டி முடிவதற்குள், என் எண்ணம் மாறியது, காரணத்தைச் சொல்கிறேன்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு வேலை உண்டு. தோணியின் முன்முனையான அணியத்தில் அமர்பவள் துடுப்பு வீச்சின் வேகத்தை நிர்ணயிக்கிறாள். இரண்டாமவள் அதே வேகத்தை மறுபக்கத்துக்குக் கடத்துகிறாள். நடுவில் இருப்பவர்கள் வலுக்காரர்கள். அவர்களில் ஒருத்தி குரல் கொடுக்க, அடுத்த வீச்சோடு ஆறு துடுப்பும் ஒரே கணத்தில் பக்கம் மாறுகின்றன. பின்முனையான அமரத்தில் இருப்பவள் சுக்கானும் அவளே, மாலுமியும் அவளே. என் பேத்தி நான்காவது இருக்கை. அங்கே உட்காருபவரைக் கரையிலிருந்து யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. அவள் தவறு செய்தால் மட்டும் தெரியும், முன்னாலிருப்பவள் முதுகில் தண்ணீர் தெறிக்கும். மூன்று ஆண்டு உழைத்து ஒரு பிள்ளை தன்னைத் தனியே காட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறாள் என்றால், பள்ளிக்கூடம் எதுவும் அவளுக்கு அதைக் கற்றுத் தந்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

500 மீட்டர் நேர் ஓட்டம் இரண்டு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்காகவா இவ்வளவும் என்று கேட்பீர்கள், நானும் கேட்டவன்தான். முதல் சுற்றில் கொடி விழுந்ததும் இவர்கள் தோணி தயங்கியது, ஏனென்றால் பழகாத தோணியின் எடை கைக்குப் பிடிபடவில்லை. ஐந்தாறு வீச்சுக்குள் அணியத்துப் பெண் வேகத்தைக் கூட்டாமல் குறைத்தாள். பின்னாலிருந்த ஐவரும் கேள்வி கேட்காமல் அவளோடு குறைந்தார்கள். தோணி ஒரு மூச்சு விட்டது போல எழும்பியது, அதன் பிறகுதான் ஓடியது. எந்தத் தோணியில் ஏற்றினாலும் அதைத் தம்முடையதாக்கிக்கொள்ளும் அந்த ஒத்திசைவைத்தான் அவர்கள் துடுப்போடு சேர்த்துக் கடல் தாண்டிக் கொண்டு வந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அரையிறுதி வரை போனார்கள். திருப்பங்கள் கொண்ட 1000 மீட்டர் ஓட்டத்தில்தான் வாய்ப்பு நழுவியது. இடப்பக்கமாக, மிதவை உள்ளே இருக்கும்படி, கொடியைச் சுற்ற வேண்டும். அணியத்தில் இருப்பவள் துடுப்பை இடப்பக்க நீரில் ஊன்றி முனையை இழுக்க, அமரத்தில் இருப்பவள் பின்புறத்தை வெளியே தள்ள, நடுவிலிருப்பவர்கள் வேகம் விழாமல் வலிக்க வேண்டும். காற்று சற்று வேகமாக அடித்த நேரம். எங்கள் தோணி ஒரு திருப்பத்தில் அகலமாகச் சுற்றிவிட்டது. அதற்குள் பசிபிக் தீவான தஹிதியின் பிள்ளைகள் திரும்பி நேராகிவிட்டார்கள். அவர்களுடைய வீச்சு குட்டையானது, விரைவானது, துடுப்பு நீரைத் தொடுவதும் விடுவதும் கண்ணுக்குத் தெரியாது. தஹிதியில் இது தேசிய விளையாட்டைப் போன்றது. ஹுவாஹினே தீவிலிருந்து போராபோரா தீவு வரை மூன்று நாள் ஓடும் ஹவாய்கி நுயி போட்டி 1992 முதல் நடக்கிறது, ஊரே கரைக்கு வந்துவிடும். அவர்களிடம் தோற்றது அவமானமில்லை. கரைக்கு வந்த பிறகு அமரத்துப் பெண் அழுதாள். மற்ற ஐவரும் ஒன்றும் சொல்லாமல் அவளைச் சுற்றி முழங்கால் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது.

இந்த விளையாட்டு நியூசிலாந்தில் இடையில் அற்றுப்போயிருந்தது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். மிதவை கட்டிய தோணிகள் மாவோரிகளிடையே ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டன. 1980களில் மாதாஹி பிரைட்வெல் என்பவர் மரத்தைக் குடைந்து இரட்டைத் தோணி ஒன்றைச் செய்து, தஹிதியிலிருந்து விண்மீன்களைப் பார்த்தே நியூசிலாந்து வரை வந்து சேர்ந்தார். கிஸ்போர்னில் 1985இல் தோணிக் கழகம் ஒன்றையும் தொடங்கினார். இன்று கராபிரோவில் ஐந்து வயதுக் குழந்தை முதல் எழுபது கடந்த பாட்டிமார் வரை ஒரே வாரத்தில் துடுப்பு போடுகிறார்கள். ஒரு தலைமுறைக்குள் இது திரும்பி வந்திருக்கிறது.

ஹீலோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நாகப்பட்டினத்தில் இருக்கும் உங்களுக்குத்தான் அது முழுதாகப் புரியும். விரிகுடாவின் ஓரம் நீளமான புல்வெளி. அங்கேதான் எல்லாக் கழகங்களும் கூடாரம் அடித்திருந்தன. ஒரு காலத்தில் அது கடைத்தெருவும் வீடுகளுமாக இருந்த இடம். 1946 ஏப்ரல் முதல் நாள் ஒரு முறை, சிலி நாட்டு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து 1960 மே மாதம் மறுமுறை, ஆழிப்பேரலை வந்து கொண்டுபோய்விட்டது. இரண்டாவது முறை மட்டும் ஹீலோவில் 61 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்தக் கரையில் ஊரைத் திரும்பக் கட்டவில்லை. இரவு 1:04க்கு நின்றுபோன கடிகாரம் ஒன்று இன்னும் சாலையோரம் நிற்கிறது. நான் அதன் முன் நின்றபோது, 2004 டிசம்பருக்குப் பிறகு நீங்களும் நானும் அக்கரைப்பேட்டையில் உடைந்த படகுகளை எண்ணிக் கணக்கெழுதிய நாட்கள்தான் கண்ணில் வந்தன. பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்னொன்று. பன்னிரண்டு பேர் அமரும் ஓட்டத்தில் இரண்டு தோணிகளைப் பக்கம் பக்கமாகக் கட்டிவிடுகிறார்கள், மிதவை கிடையாது. ஒரு பெரியவர் அதைக் காட்டி, ‘இதைத்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் என்கிறோம்’ என்றார். அது எங்கள் ஊர்ச் சொல், கட்டுமரம், ஆனால் பொருள் வேறு. எங்கள் கட்டுமரத்தில் இரண்டு தோணி உடல்களும் இல்லை, மிதவையும் இல்லை, மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதுதான் என்று விளக்கினேன். சென்னை மாகாண மீன்துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நம் கடற்புறத்து மிதவைத் தோணிகளில் பசிபிக் தீவுகளின் சாயல் இருக்கிறது என்று 1920இல் எழுதியதை நாம் பணியில் சேர்ந்த புதிதில் படித்து விவாதித்தோமே, அதையும் சொன்னேன். பேத்தியின் குழுவினர் அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

அவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் விடையில்லை. தங்கள் தோணியில் மிதவைக் கழியை அவர்களே கட்டுகிறார்கள். ரப்பர் பட்டையை எத்தனை சுற்று, எந்தப் பக்கம் இழுத்து முடிய வேண்டும் என்று பத்து வயதிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். கட்டுமரத்தில் கயிறு எப்படிப் போகும் தாத்தா, முடிச்சு மேலே வருமா கீழே வருமா என்று பேத்தி கேட்டாள். நாற்பது ஆண்டு பார்த்திருக்கிறேன், வரைந்து காட்டக் கை வரவில்லை. உங்கள் தெருவில் கட்டுமரம் கட்டும் பெரியவர் இன்னும் இருக்கிறார் அல்லவா? அவரிடம் கேட்டு, அணியத்துக் கட்டு ஒன்றும் அமரத்துக் கட்டு ஒன்றும், கயிறு போகும் வழியோடு, காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். புகைப்படம் வேண்டாம், அதில் முடிச்சின் உட்பக்கம் தெரியாது. ஜனவரியில் கராபிரோ போட்டி வருகிறது. அதற்குள் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்