டுவோடீனத்தில் 'டீ' நெடில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வயிற்றுப்புண் பற்றி வந்த கட்டுரையில் இரைப்பையை அடுத்து வரும் டுவோடீனம் என்ற ஒரே குடல் பகுதி முதலில் 'டியோடினம்' என்றும், நாலு பத்தி தள்ளி 'டூடெனம்' என்றும் அச்சாகியிருந்தது. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மறுநாள் காலையிலேயே ஒரு பெரியவர் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டையும் உங்கள் பக்கத்தையும் சேர்த்து மடித்துக் கொண்டுவந்து, இரண்டு சொல்லையும் விரலால் தொட்டுக் காட்டி, "எனக்குப் புண்ணு இதுலயா, அதுலயாம்மா?" என்று கேட்டார்.

மாத்திரைக் கவரின் பின்பக்கம் டு-வோ-டீ-னம் என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். லத்தீனில் கடைசிக்கு முந்தின அசை நெடிலாக இருந்தால் அழுத்தம் அதில்தான் விழும். அங்கே 'டே' என்றிருந்தது ஆங்கிலத்தில் 'டீ' ஆனாலும் நீளமும் அழுத்தமும் போகவில்லை. (அமெரிக்கர்கள் பலர் இரண்டாம் அசையை அழுத்தி 'டுவாடனம்' என்பார்கள், அதுவும் அகராதியில் உண்டு, ஆனால் நம் டாக்டர்கள் வாயில் வருவது 'டீ'தான்.) ஆங்கில எழுத்தைப் பார்த்து அது குறிலா நெடிலா என்று சொல்ல முடியாது, நமக்கோ எழுத்திலேயே நெடில் இருக்கிறது, அப்புறம் ஏன் 'டி'?

'டுவோ'வை 'டூ' என்று சுருக்குவது இன்னும் மோசம், பொருளே அதில்தான் தொடங்குகிறது. டுவோ என்றால் இரண்டு, பத்தோடு சேர்ந்து பன்னிரண்டு. கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் ஹீரோபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர் இந்தக் குடலுக்குப் பன்னிரண்டு விரல் அகலம் என்ற அளவை வைத்துக் கிரேக்கத்தில் பேர் வைத்தார், அதைத்தான் லத்தீனில் பெயர்த்தார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் 'பன்னிரண்டு விரல் குடல்' என்றே சொல்கிறார்கள். நம் கணக்கில் 12 விரற்கடை ஒரு சாண். "இரைப்பை முடிஞ்சதும் வர்ற ஒரு சாண் குடல் ஐயா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று கையை விரித்துக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

முன்சிறுகுடல் என்று தமிழில் போடுங்கள், ரொம்ப நல்லது. ஆனால் ரிப்போர்ட்டில் இருப்பது டுவோடீனம்தான், அதனால் ஒரு தடவையாவது அதையும் பக்கத்தில் சேருங்கள், கட்டுரை முழுக்க ஒரே எழுத்தில். சிறுகுடலின் மற்ற பகுதிகளைப் பற்றி எழுதும்போது ஜெஜூனத்துக்கு 'ஜூ' நெடில். இலியம் என்று வந்தால் கூடவே 'குடல்' என்று போட்டுவிடுங்கள், இடுப்பெலும்புக்கும் அதே ஒலியில் ஒரு பேர் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி, கும்பகோணம்