ரெண்டரை அடி

மாதவரம், சென்னை
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள மாப்ளைக்கு,

மச்சான் எழுதுவது. வியாழக்கிழமை நீ போன் பண்ணினபோது நம்ம எடை மேடைக்கு வெளியே எடை போட ஏழு லாரி வரிசையில் நின்றது. ஒருத்தன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். நீ கோவிச்சுக்க மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இத்தனை வருஷமாகத் தெரியாமல் இருந்த கிரீஸ் கறையெல்லாம் என் சட்டையில் இப்போதுதான் தெரிகிறதாம், தினமும் ஒரு பாட்டு வாங்குகிறேன். என் முட்டி பழையபடிதான். மேடை கேபின் படி மூன்றும் மூன்று மலை.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் பையன் பெரியவன் செகண்ட் ஹேண்டில் பத்துச் சக்கர லாரி பார்த்திருக்கிறான், எத்தனை டன் ஏற்றலாம் என்று கேட்டாய். வண்டியும் லோடும் சேர்த்து 28.5 டன். நம்ம காலத்தில் இதே வண்டிக்கு 25. முன் ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, 6, பின்னால் ஜோடி ஆக்சிலுக்கு 19 என்று இருந்ததை 2018 ஜூலையில் 7.5, 21 என்று உயர்த்தினார்கள். பெரிய ட்ரெய்லருக்கு உச்சவரம்பு 49-லிருந்து 55 ஆனது. ஆனால் பேப்பரில் வந்ததை வைத்துக்கொண்டு ஏற்றிவிடாதே. ரோட்டில் நிறுத்துகிறவர் பார்ப்பது ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடையை. பழைய வண்டி என்றால் அதில் 25 என்றே கிடக்கலாம். முதலில் அதைப் பார்க்கச் சொல்.

ரெண்டாவது, காலி வண்டியை எடை போடாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. டிப்பர் ஓட்டினவர்கள் தொட்டிக்கு அடியில் ஒரு பிளேட்டு, பக்கத்தில் ஒரு பலகை என்று வெல்டிங் வைத்துக்கொண்டே போவார்கள். ஆர்.சி.யில் பத்தரை டன் என்று இருக்கும், மேடையில் ஏற்றினால் பன்னிரண்டு காட்டும். அந்த ஒன்றரை டன்னுக்கு வாடகை ஒரு பைசா வராது. போதாததற்கு, காலி எடை ஆர்.சி.யில் உள்ளதைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 113-ஆம் பிரிவில் குற்றம். டிரைவர் ஓட்டினாலும் ஓனருக்குத் தெரிந்தே நடந்தது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். "எனக்குத் தெரியாதுங்க" என்று நம்ம பழைய முதலாளி கையை விரித்த மாதிரி விரிக்க முடியாது.

இனி நான் போனில் சொல்ல முடியாமல் போனது. போன மாசம் ஒரு பத்துச் சக்கர வண்டி, மணலிப் பக்கமிருந்து இரும்புச் சுருள் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தது. சின்னப் பையன், மிஞ்சிப் போனால் இருபத்தைந்து வயசு. மேடையில் ஏற்றினான், 28.2 டன். சீட்டை வாங்கிக்கொண்டு, "கரெக்டா இருக்குல்ல சார்" என்று சிரித்தான். ஆனால் நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் ஸ்பிரிங் பட்டை தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது, முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "ஸ்டீயரிங் எப்படிப்பா இருக்கு?" என்றேன். "பஞ்சு மாதிரி சார், ஒரு விரல்ல திருப்பலாம்" என்றான், என்னமோ வண்டியின் பெருமை மாதிரி.

கொஞ்சம் முன்னால் எடுக்கச் சொன்னேன். முன் சக்கரம் மேடையை விட்டுத் தரைக்கு இறங்கியது, பின் எட்டு டயர் மட்டும் மேடையில். திரையில் 23.5. அப்படியென்றால் முன்னால் வெறும் 4.7. காலி வண்டிக்கே முன்னால் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும், மாப்ளே! சுருள் மொத்தத்தையும் பின் ஆக்சில் மட்டும் சுமந்துகொண்டிருந்தது. மொத்த எடையில் அவன் யோக்கியன், ஆக்சில் எடையில் ரெண்டரை டன் திருடன். பாவம், அவனுக்கே தெரியாது. கிரேன்காரர் வசதியாக இருந்த இடத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

பதினேழரை டன் சுருள். ரெண்டரை அடி முன்னால் தள்ளி வைத்தால் போதும் என்று சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். (சிகரெட் என்னுடையது இல்லை, உன் தங்கச்சியிடம் சொல்லிவிடாதே.) முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனான். சாயங்காலம் மறுபடி வந்தான். முன்னால் 7.3, பின்னால் 20.9. பட்டை நிமிர்ந்திருந்தது. பொருளும் அதேதான், டீசலும் அதேதான்.

ரெண்டரை டன்னுக்கு இவ்வளவு அலட்டலா என்பாய். ரோடு ஆக்சிலுக்கு ஆக்சில்தான் கணக்குப் பார்க்கும். 1958-லிருந்து 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் தனியாக ரோடு போட்டு, அதன்மேல் லாரிகளை ராத்திரி பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். ஆக்சில் எடை ரெண்டு மடங்கானால் ரோட்டுச் சேதம் ரெண்டு மடங்கு இல்லை, சுமார் பதினாறு மடங்கு என்று அதில் தெரிந்தது. அந்தக் கணக்கில் 21-க்கு பதில் 23.5 போனால் சேதம் ஒன்றரை மடங்குக்கு மேல். இங்கே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குள் நுழைய ட்ரெய்லர்கள் மணிக்கணக்கில் ஊர்ந்த இடத்திலெல்லாம் தார் மெழுகு மாதிரி குழைந்து, சக்கரத் தடம் வாய்க்காலாகக் கிடந்ததை நீயே பார்த்திருக்கிறாய். லோடு பாதி காரணம் என்றால், நகராமல் நிற்பது மீதி.

அமெரிக்காவில் ஜோடி ஆக்சிலுக்கு 34,000 பவுண்டுதான், நம்ம கணக்கில் பதினைந்தரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து ஆக்சில் வண்டிக்கு மொத்தமே 36 டன் சொச்சம். உன் சின்னவன் அனுப்பிய வீடியோவில் டிரைவர் ட்ரெய்லரின் பின் சக்கரங்களையே முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சரிபண்ணினானே, அது இதற்குத்தான். நம்மிடம் அந்த வசதி இல்லை, ஏற்றும்போதே பார்த்து ஏற்றினால்தான் உண்டு.

பெரியவன் எம்-சாண்ட் அடிக்கப் போகிறேன் என்றானாமே. அங்கேதான் வம்பு. சட்டம் பேசுவது டன்னில், மேஸ்திரி பேசுவது யூனிட்டில். ஒரு யூனிட் நூறு கன அடி, எம்-சாண்ட் என்றால் நாலரை டன் வைத்துக்கொள். கழுவி ஈரத்தோடு அள்ளினால் இன்னும் ஏறும். காலி வண்டி 11 டன், அதில் நாலு யூனிட் போட்டாலே 29, அதாவது அரை டன் ஓவர். சைட்டில் கேட்பது அஞ்சு. "அஞ்சு அடிக்கிறவன் நாலு பேர் நிக்கிறான், நீ கிளம்பு" என்பார்கள். அஞ்சு என்றால் 33.5, சரியாக அஞ்சு டன் அதிகம். 2019 செப்டம்பரிலிருந்து அபராதம் 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000. ஆக 30,000 ரூபாய். எடை போட நிறுத்தச் சொல்லி நிறுத்தாமல் போனால் 40,000. அந்த ஒரு யூனிட்டுக்கு வாடகை என்ன கிடைக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அபராதம் கட்டிவிட்டால் அப்படியே போகலாம் என்று இன்னும் பலபேர் நினைக்கிறார்கள். சில மாநிலத்தில் பணம் கட்டி அட்டை வாங்கிக்கொண்டு ஓவர்லோடு ஓட்டினார்களே, அதை 2005-லேயே சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதிகப்படி லோடை இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும், இறக்குகிற கூலியும் பொறுப்பும் நம்ம தலையில். நடு ரோட்டில் ஒரு யூனிட் மணலை எங்கே கொட்டுவான்?

உயரம் அகலம் பற்றி அதிகம் இல்லை. அகலம் 2.6 மீட்டர், உயரம் 3.8 என்று இருந்தது 2020-இல் 4 மீட்டர் ஆனது. பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ பின்னாலோ, உயரத்தில் வரம்புக்கு மேலேயோ நீட்டிக்கொண்டு போனால் எடை சரியாக இருந்தாலும் 20,000. சப்வேக்கு முன்னால் தொங்கும் இரும்புக் கம்பியைக் கண்ணால் அளக்காதே என்று சொல். நான் ஒருதரம் அளந்து, தார்ப்பாய், கயிறு, மேல் வரிசை மூட்டை எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவன்.

இதெல்லாம் எழுதும்போது தொப்பூர் மலைப்பாதைதான் ஞாபகம் வருகிறது. சிமெண்ட் லோடு, எத்தனை டன் என்று முதலாளி சொல்லவும் இல்லை, நாம் கேட்கவும் இல்லை. தர்மபுரி தாண்டி இறக்கத்தில் பிரேக் லைனிங் கருகின வாசனை வந்ததும் நீ பேச்சை நிறுத்தினாய் பார், அது இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கீழே வந்து நிறுத்தியபோது பிரேக் டிரம் மேல் கிளீனர் ஊற்றின தண்ணீர் சுர்ரென்று ஆவியாகப் போனது. நீ டீ வேண்டாம் என்றாய். உன்னை டீ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

வண்டியை முடிக்கும் முன் பெரியவனை இங்கே ஓட்டி வரச் சொல். புதன், வியாழன் காலையில் வந்தால் கூட்டம் இருக்காது. மேடையில் மொத்தம் ஒரு சீட்டு, முன் ஆக்சில் ஒரு சீட்டு, பின் ஆக்சில் ஒரு சீட்டு போட்டுக் கொடுக்கிறேன். மூன்றையும் ஆர்.சி.யோடு வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசலாம். நீயும் கூட வா. வரும்போது சேலத்து மாம்பழம் ஒரு கூடை கொண்டு வா, அதற்கு மட்டும் ஓவர்லோடு பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்