ஆளுக்கொரு டப்பா சுஷி வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சனிக்கிழமை வீட்டில் ஜப்பான் விருந்து, பத்துப் பேர் சேர்கிறோம், ஆளுக்கொன்று சமைத்து எடுத்துவருகிறார்கள் என்று சொன்னாய். யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்ற பட்டியலையும் பார்த்தேன். சுஷி, சுஷி, மறுபடியும் சுஷி, கடைசியில் ஒருவர் மட்டும் மோச்சி ஐஸ்கிரீம். போனில் பேசினால் அம்மா நடுவில் புகுந்து வேறு கதைக்கு இழுத்துவிடுவாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் வேலையாக அந்தப் பட்டியலைக் கலைத்துவிடு. மதியம் சுருட்டி, ஃபிரிட்ஜில் வைத்து, பெங்களூரு டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்து சேரும் சுஷியில் சோறு விறைத்திருக்கும், நோரி என்ற கடல்பாசித் தாள் ரப்பராகியிருக்கும். அப்படி நாலு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன பேசுவீர்கள்? நாம் டோக்கியோவில் நிஷி-கசாய் வீட்டில் இருந்து பார்த்த வரையில், எந்த ஜப்பானியரும் தன் வீட்டில் உட்கார்ந்து தினம் சுஷி உருட்டுவதில்லை. சோறு, ஒரு சூப், மூன்று தொடுகறி. அதுதான் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டின் எலும்புக்கூடு. 2013-இல் யுனெஸ்கோ வாஷோக்குவை, அதாவது ஜப்பானிய மரபுச் சாப்பாட்டை, தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோதுகூட முன்னிறுத்திச் சொன்னது புத்தாண்டுச் சாப்பாட்டைத்தான், சுஷிக் கடைகளை அல்ல.

ஆகவே சோறும் சூப்பும் உன் பொறுப்பு. மற்றதை வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சுஷி இல்லாமல் முடியாது என்று அடம்பிடித்தால், தெமாக்கி வை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்து வீட்டில் பிறந்தநாளுக்குச் செய்வார்களே, அதேதான். சோற்றையும் நோரியையும் நடுவில் வைத்துவிட்டால் அவரவர் கையில் சுருட்டிச் சாப்பிடுவார்கள். உனக்கு உருட்டும் வேலை மிச்சம், வந்தவர்களுக்கும் கைக்கு வேலை.

அரிசி ஐந்து கப் போதும். குக்கரோடு வரும் 180 மில்லி கப்பைச் சொல்கிறேன். எடையில் 750 கிராம் வரும். சோனா மசூரியில் முயற்சி செய்யாதே, ஒட்டாது. சுஷி அரிசி என்றே கேட்டு வாங்கு. தண்ணீர் தெளியும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, அரிசிக்குச் சமமாகவும் அதற்கு மேல் கொஞ்சமும் தண்ணீர் விட்டு, மூடி போட்டு வேகவை. வடிக்கக் கூடாது, விசிலும் வேண்டாம். கொதி வந்ததும் தணலைக் குறைத்து பன்னிரண்டு நிமிடம், அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம். அதற்குள் அரிசி வினிகர் 120 மில்லியில் சர்க்கரை ஐந்து மேசைக்கரண்டி, உப்பு இரண்டரைத் தேக்கரண்டி போட்டு, கொதிக்கவிடாமல் லேசாகச் சூடாக்கிக் கரைத்து வைத்துக்கொள்.

மரத்தொட்டி இல்லையே என்று கவலைப்படாதே, எவர்சில்வர் தாம்பாளம் போதும். பித்தளை, அலுமினியம் மட்டும் வேண்டாம், வினிகர் அரித்துவிடும். தாம்பாளத்தை ஈரத்துணியால் துடைத்துச் சோற்றைக் கொட்டு. சூடாக இருக்கும்போதே வினிகரை ஊற்று. நனைத்த மரக்கரண்டியை நிமிர்த்திப் பிடித்து, வெட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் போ. தயிர்சாதம் மாதிரி மசித்தால் தீர்ந்தது. நீ கலக்கக் கலக்க ஒருவர் பக்கத்தில் நின்று விசிற வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பருக்கையும் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும், அப்போது நிறுத்து. ஈரத்துணி போட்டு மூடி வெளியிலேயே வை. ஃபிரிட்ஜ் பக்கம் போகவே கூடாது.

நோரித் தாளை நாலாக வெட்டு, கைக்கு அடக்கமாக இருக்கும். வெட்டுவதற்கு முன் கேஸ் தணலுக்கு மேல் எட்டப் பிடித்து ஒரு வீச்சு வீசி எடு. கறுப்பாக இருந்தது பச்சையாக மாறும், ஒடித்தால் சத்தம் கேட்கும். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் அதை டப்பாவிலிருந்து எடுக்க வேண்டும். உள்ளே வைக்க வெள்ளரிக்காய், அவகாடோ, முட்டை, டின்னில் வரும் டூனாவை மயோனேஸில் பிசைந்தது, இவை போதும். பச்சை மீன் வேண்டாம். சுஷிக்கு என்று தனியாக உறைய வைத்துக் கையாண்ட மீனுக்கும் சந்தையில் குழம்புக்கு வாங்கும் மீனுக்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு. யாராவது பன்னீர் வைத்துச் சுருட்டினால் அதற்குச் சண்டை போடாதே.

இனி சூப். இங்கேதான் நீ நிதானமாக இருக்க வேண்டும். வருகிறவர்களில் மூன்று பேர் சைவம், ஒருத்தி ஜெயின் என்றாய். புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவில் செய்யும் சூப் பார்க்கச் சைவம், ஆனால் அதன் அடியில் இருக்கும் தாஷி என்ற சாறு பெரும்பாலும் காய்ந்த பொனிட்டோ மீன் சீவலில் எடுத்தது. அதற்குப் பதில் கோம்பு என்ற காய்ந்த கடல்பாசி போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் கோம்புத் துண்டை முந்தின இரவே ஊறப்போடு. அதன்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கழுவித் தொலைக்காதே, ருசியே அதில்தான். மறுநாள் மெதுவாகச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன் கோம்பை எடுத்துவிடு, இல்லாவிட்டால் வழவழப்பும் ஒரு வாடையும் இறங்கிவிடும். 1908-இல் கிகுனாயே இக்கேடா என்ற டோக்கியோ பேராசிரியர் இந்தக் கோம்பிலிருந்துதான் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மறு வருடமே அது அஜினோமோட்டோவாகக் கடைக்கு வந்துவிட்டது. அஜினோமோட்டோ என்றாலே முகம் சுளிக்கும் உன் பாட்டி, நிஷி-கசாய் வந்திருந்தபோது கோம்புத் தண்ணீரை ரசம் மாதிரி ஊற்றிக் குடித்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

காய்ந்த ஷிட்டாக்கே காளான் நாலைந்தை ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் சேர்த்தால் சூப் இன்னும் கனமாக இருக்கும். ஜப்பானில் கோயில் துறவிகளின் ஷோஜின் சமையலில் இப்படித்தான் தாஷி எடுப்பார்கள். அவர்களும் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை. ஆனால் ஜெயின் வீடுகளில் காளானையும் கிழங்கையும் தள்ளிவைப்பவர்கள் உண்டு. கடல்பாசி சாப்பிடுவாளா என்பதையும் அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடு, நீயாக முடிவு செய்யாதே. டோஃபுவைச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு மிசோவைக் கரை. மிசோ கொதிக்கக் கூடாது, மணம் போய்விடும்.

புட்டிகளில் வரும் சாஸ், ஊறவைத்த டோஃபுப் பை, மிசோ டப்பா எல்லாவற்றிலும் சின்ன எழுத்தைப் படி. உனக்குத்தான் ஜப்பானிய எழுத்து தெரியுமே! மிசோ டப்பாவில் தாஷி கலந்தது என்று போட்டிருந்தால் அதில் மீன் இருக்க வாய்ப்பு அதிகம். யாராவது ஜப்பானியக் கறி கொண்டுவருகிறேன் என்றால் கூடுதல் கவனம். கட்டியாக வரும் கறி மசாலாப் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள், காய்கறி மட்டும் போட்டுச் சமைத்தாலும் அது சைவம் ஆகாது. மசாலாவை வறுத்துப் பொடித்துச் செய்யச் சொல். டோக்கியோ ஷின்ஜுக்குவில் நகாமுராயா கடையில், நம் விடுதலைப் போராட்ட வீரர் ராஷ் பிஹாரி போஸ் சொல்லிக்கொடுத்து 1927 முதல் விற்கும் கறிகூட நம் ஊர் முறைக்குப் பக்கத்தில்தான் வரும். உன்னை அங்கே கூட்டிப்போய் நீ ஆம்லெட் கேட்டு அழுததை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தொடுகறிகளை இப்படிப் பிரித்துக் கொடு. ஒருவருக்கு பீன்ஸ் கோமா-ஆயே: எள்ளை வறுத்துப் பொடித்து, சோயா சாஸ், சர்க்கரை சேர்த்து, வேகவைத்த பீன்ஸில் பிரட்ட வேண்டியதுதான். எள்ளுப்பொடி அரைக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இது பத்து நிமிட வேலை. ஒருவருக்கு உருளைக்கிழங்கு சாலட், அசைவக்காரருக்குக் கோழி கராஆகே, அதாவது பொரித்த கோழி. இவையெல்லாம் ஆறினாலும் தாங்கும். டெம்புராவை யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல். டப்பாவில் மூடி வைத்த பஜ்ஜி என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மோச்சி ஐஸ்கிரீம் உருகிவிடும் என்று அந்தத் தோழி தயங்கினால், சைனா கிராஸ் காய்ச்சிக் காப்பி ஜெல்லி செய்யச் சொல். ஜப்பானியர் கான்டென் என்று இனிப்புகளில் போடுவதும் அதுதான், நம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும்.

காகித விளக்கு, விசிறி, கிமோனோ எல்லாம் வேண்டாமே. ஃபேன்சி டிரஸ் போட்டியாகிவிடும். யாராவது விளையாட்டுக்குச் சோற்றில் சாப்பிடும் குச்சியை நட்டால் மட்டும் எடுக்கச் சொல். செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படி வைப்பார்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் ஆகாது, தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும் சடங்கு அது. மற்றபடி கையால் சாப்பிடட்டும், தெமாக்கிக்குக் கைதான் சரி. சாக்கே என்ற அரிசி மது பாட்டில் ஏதாவது வருகிறதா என்று நான் கேட்கவில்லை. வந்தால், தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வது ஜப்பானில் வழக்கமில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கோம்பு ஒரு பாக்கெட்டும், மீன் கலக்காத வெள்ளை மிசோ ஒரு டப்பாவும் மாடி வீட்டு மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை பெங்களூரு வருகிறார். மிசோவைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், செக்-இன் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். அரிசி வாங்கினதும் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பு. அந்த ஜெயின் பெண் என்ன சொல்கிறாள் என்றும் எழுது. கோம்பு ஆகாது என்றால் அவளுக்குத் தனியாக ஒரு சூப் யோசிக்க வேண்டும், அதற்கு எனக்கு இரண்டு நாளாவது வேண்டும்.

அன்புடன்,
அப்பா