டிஎஸ்எல்ஆர் கேமரா பொருத்தலாம் என்று விற்ற தொலைநோக்கி பற்றிய புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், திருநெல்வேலி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தொலைநோக்கியின் விலையைத் திருப்பித் தரவும், அதனுடன் தரப்படும் சூரிய ஃபில்டரை விற்பனையிலிருந்து நீக்கவும் கோருதல்.

ஐயா / அம்மா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக, 76 மி.மீ. ஆடியும் 700 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட தொலைநோக்கியை உங்கள் இணையக் கடையில் வாங்கினேன். வானத்தைப் படம்பிடிக்கப் பழக வேண்டும் என்பது அவள் ஆசை. பெட்டியின் முகப்பில், விண்வெளியில் இருக்கும் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ என்ற நெபுலாவின் (விண்வெளி வாயு, தூசு மேகத்தின்) படம். பக்கத்தில், ‘டிஎஸ்எல்ஆர் பொருத்தி நெபுலாக்களைப் படம் எடுக்கலாம்’ என்ற வாசகம்.

கேமரா பொருந்துகிறது, ஃபோகஸ்தான் கிடைக்கவில்லை. ஃபோகஸரை முழுவதும் உள்ளே தள்ளினாலும் நிலா மங்கலான வெள்ளைப் பந்தாகவே தெரிகிறது. பிம்பம் குவியும் இடத்துக்கும் வெளியே கேமராவின் சென்சார் நிற்பதுதான் காரணம். உங்கள் சேவை மையத்தில் கேட்டால், “இருட்டான ஊருக்குப் போய்ப் பாருங்கள்” என்கிறார்கள். ஊர் இருட்டினால் குவியம் இடம் மாறாது. பார்லோ லென்ஸ் (உருவத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) வைத்தால் ஃபோகஸ் வருகிறது, ஆனால் கேமராவின் எடை தாங்காமல் பிளாஸ்டிக் ஃபோகஸர் சாய்ந்துவிடுகிறது. தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டில், அதை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் மோட்டாரும் இல்லை. பூமியின் சுழற்சியால் வானம் நொடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. இந்தக் குவியத் தூரத்தில் ஒரு நொடி எக்ஸ்போஷருக்கே விண்மீன்கள் கோடாக இழுபடுகின்றன. நெபுலாவுக்கு நிமிடக்கணக்கில் ஒளி சேர்க்க வேண்டும்.

4 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) தரும் 175 மடங்கை மூன்று மடங்கு பார்லோவால் பெருக்கி ‘525 மடங்கு’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 76 மி.மீ. ஆடிக்கு 150 மடங்குக்கு மேல் போனால் வெறும் மங்கல்தான்.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது, சூரிய ஃபில்டர் என்று ஐபீஸில் திருகி மாட்டும் அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணாடி. ஆடி குவித்து அனுப்பும் சூரிய வெப்பம் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. சூடேறி அது விரிசல் விட்டால், கண்ணை எடுப்பதற்குள் விழித்திரை கருகிவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் குழந்தை கத்தக்கூட மாட்டாள். சூரிய ஃபில்டர் குழாயின் முன்வாயை முழுவதும் மூட வேண்டும். உங்கள் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த ஃபில்டரை வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்கள் எச்சரிக்கை அனுப்பியே ஆக வேண்டும்.

இந்தக் கருவியால் எதுவுமே முடியாது என்று நான் சொல்லவில்லை. 25 மி.மீ. ஐபீஸில் கைபேசியை வைத்து என் மகள் எடுத்த நிலவின் படத்தில், டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெண்கதிர்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன. தொடக்கநிலையில் அதுவே பெரிய மகிழ்ச்சி. அந்தப் படத்தையே பெட்டியில் போட்டு, ‘கைபேசியால் நிலவைப் படம் எடுக்கலாம்’ என்று உண்மையை எழுதியிருக்கலாமே! ஹப்பிளின் படத்தைக் காட்டி அழைத்து வந்ததால், நிலவைப் பிடித்த பிள்ளை தான் தோற்றுவிட்டதாக நினைக்கிறாள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே முழு விலையையும் திருப்பித் தாருங்கள். டிஎஸ்எல்ஆர் வாசகத்தையும் ஹப்பிள் படத்தையும் நீக்குங்கள். சூரிய ஃபில்டர் விற்பனையை இன்றே நிறுத்துங்கள். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

இணைப்பு: ரசீது நகல், பெட்டியின் படங்கள், ஃபில்டரின் படம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்