வால்வு காட்டும் அழுத்தம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மருந்து ஆய்வகங்களில் கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கப் பயன்படும் எஸ்.எஃப்.சி. (சூப்பர்கிரிட்டிக்கல் ஃப்ளூயிட் குரோமட்டோகிராஃபி) முறை பற்றித் தங்கள் அறிவியல் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கரியமில வாயுவை 31 டிகிரி செல்சியஸுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய் அதையே கரைப்பானாக ஓடவிடும் நுட்பத்தைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆனால், சிறிய கருவியில் உருவாக்கிய முறையைப் பெரிய கருவிக்கு மாற்ற, கலவை பிரியும் இடமான பிரிகைக் குழாயின் குறுக்குப் பரப்புக்கு ஏற்ப ஓட்டத்தைக் கூட்டினால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

திரவத்தைக் கரைப்பானாக ஓடவிட்டுப் பிரிக்கும் ஹெச்.பி.எல்.சி. முறையில் அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கும். அங்கே ஓடும் திரவம் அழுத்தத்துக்கு அவ்வளவாகச் சுருங்காது. கரியமில வாயு அப்படியல்ல. 40 டிகிரியில், 100 பார் அழுத்தத்தில் அதன் அடர்த்தி மில்லிக்கு சுமார் 0.63 கிராம், 150 பாரில் 0.78. அடர்த்தி கூடினால் கரைக்கும் திறன் கூடும். பொருள் முன்னதாகவே வெளியே வந்துவிடும். 4.6 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு 3 மில்லி ஓடியது, 30 மி.மீ. குழாயில் சுமார் 128 மில்லி ஆகும். அவ்வளவு ஓட்டம் இணைப்புக் குழாய்களைக் கடக்கும்போது, அவற்றின் உள்விட்டத்தைப் பொறுத்து அழுத்தம் ஏறிக்கொள்கிறது. பிரிகைக் குழாய்க்குப் பின்னே அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் பின்னழுத்த வால்வில் இரண்டு கருவியும் 120 பார் என்றே காட்டும். பிரிகைக் குழாய்க்குள் இருப்பது வேறு. சிறிய கருவியின் வரைபடத்தில் அடிக்கோடு வரை இறங்கித் தனித்தனியாக நின்ற, ஆளுக்கொரு பொருளைக் காட்டும் இரண்டு முகடுகள், பெரியதில் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி வரும்.

இதற்கு வழி இருக்கிறது. பிரிகைக் குழாயைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டத்தில் கருவி மட்டும் எவ்வளவு அழுத்தம் காட்டுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பிரிகைக் குழாய்க்குள் சராசரி அடர்த்தி இரண்டு கருவியிலும் ஒன்றாக வரும்படி வால்வைத் திருத்த வேண்டும். கரியமில வாயுவோடு துணைக் கரைப்பானாக மெத்தனால் அதிகம் சேர்த்தால் இந்தச் சிக்கல் தணியும் என்பது உண்மை; மெத்தனால் குறைவாக உள்ள முறைகளில்தான் படுத்தி எடுக்கும். ஒரு கருவி கரியமில வாயுவை மில்லியிலும் இன்னொன்று கிராமிலும் அளந்தால், மெத்தனால் விகிதமே மாறிவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பெங்களூருவின் ஜிகணி, பொம்மசந்திரா பகுதி ஆய்வகங்களுக்கு வேதியியல் படித்த நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் வேலைக்கு வருகிறார்கள். முகடு ஒட்டிக்கொண்டால் "கைப்பக்குவம் இல்லை" என்று திட்டு வாங்குவது அவர்கள்தான். ஒரு முறையை எழுதிக் கொடுப்பவர் வால்வின் அளவோடு, பிரிகைக் குழாயின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் இருந்த அழுத்தத்தையும், இணைப்புக் குழாயின் உள்விட்டத்தையும் சேர்த்து எழுதினால் பாதித் திட்டு குறையும். அடுத்த பகுதியில் கட்டுரையாளர் இதை விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக வேதியியலாளர் ஒருவர்,
பொம்மசந்திரா, பெங்களூரு