ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையா?

சங்கரன்கோவில்
மே 18

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வாட்ஸ்அப்பில் கேட்டால் முடிகிற காரியத்துக்கு நாலு பக்கம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிற ஆள் எனக்குத் தெரிந்து இன்னும் நீ ஒருவன்தான். நானும் அப்படியே பதில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியை மறந்துவிட்டு மறுநாள் மறுபடி கேட்பாய்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் தேன்மொழி பிளஸ் டூவில் கணக்கில் 91, இயற்பியலில் 84, வேதியியலில் 88. இதெல்லாம் நீயே எழுதியிருக்கிறாய். தமிழில் 79 வாங்கியதை மட்டும் எழுதவில்லை. பத்தாவது வரைக்கும் புனேயில் மராத்தி படித்த பிள்ளை அது. பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில் செய்யுளை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். உங்கம்மா தினமும் சாயங்காலம் கண்ணாடி இல்லை என்று பொய் சொல்லி, பேப்பரை அவளை வாசிக்க வைத்தே தேற்றிவிட்டார்கள். பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கிடுகிற கட்-ஆஃபில் தமிழுக்கு இடமில்லாதது எனக்கு வருத்தம்தான், ஆச்சிக்கு அதைவிட வருத்தம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அண்ணா யுனிவர்சிட்டிக்குத் தனியாக விண்ணப்பம் வாங்கணுமா, என்ட்ரன்ஸ் உண்டா" என்று கேட்டிருக்கிறாய். நீ இன்னும் 1999-லேயே நிற்கிறாய். நுழைவுத்தேர்வை 2007-லேயே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது பிளஸ் டூ மார்க் மட்டும்தான். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., நெல்லை அரசு பொறியியல் கல்லூரி, அரசு உதவி பெறுகிற கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் ஒரே விண்ணப்பம். முன்பு கலந்தாய்வைப் பல்கலைக்கழகம் நடத்தியது. 2019-இலிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. நாம் போனதுபோல் இரவு பஸ் ஏறி கிண்டிக்குப் போக வேண்டாம், 2018-இலிருந்தே கலந்தாய்வு வீட்டிலிருந்துதான். பதிவுக் கட்டணம் உங்களுக்கு 500 ரூபாய்; எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250.

கட்-ஆஃப் கணக்கு நம் காலத்தில் 300-க்கு. என்ட்ரன்ஸ் 100 போய்விட்டதால் இப்போது 200-க்கு. கணக்கு அப்படியே 91, இயற்பியலில் பாதி 42, வேதியியலில் பாதி 44. ஆக 177. விண்ணப்பிக்கிற தகுதி என்று பார்த்தால் இந்த மூன்று பாடத்திலும் சேர்த்துச் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், மற்றவர்களுக்கு 40 இருந்தால் போதும். அதனால் தகுதியைப் பற்றிக் கவலைப்படாதே. ரேங்க்தான் விஷயம். ஒரே கட்-ஆஃபில் பல பேர் நின்றால் முதலில் கணக்கு மார்க், அப்புறம் இயற்பியல், அப்புறம் நாலாவது பாடம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்; வயதில் மூத்தவருக்கும் முன்னுரிமை உண்டு. அதற்கும் அப்பால் ரேண்டம் எண். பத்து இலக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் தருவார்கள், அதில் பெரிய எண்ணுக்கு முதலிடம். சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரிதான். ஆனால் அதுவரை போவது அபூர்வம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு அவளுக்கு வராது. எங்கள் பள்ளியில்தான் படித்தாள் என்றாலும், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். என் வகுப்பிலேயே இந்த வருஷம் அந்த ஒதுக்கீட்டில் மூன்று பேர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுகிறது. அது கிடைக்கவில்லையே என்று நீ ஏங்க வேண்டாம். உனக்கு வேறொன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது காகிதங்கள். தேன்மொழிக்கு மார்க்கில் பிரச்சினையே இல்லை, பிரச்சினை காகிதத்தில். எட்டாவதிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு, இந்த மாநிலத்தவர் என்று காட்டுகிற நேட்டிவிட்டி சான்றிதழ் தேவையில்லை. இவள் எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் புனே. அதனால் கட்டாயம் வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாலுகா ஆபீஸ் வரை போய்த்தான் வரும். இன்றே போட்டாக வேண்டும். உங்கம்மாவின் ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, தேன்மொழியின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் என்னிடம் இருக்கிறது. நல்லவேளை, செல்வியைத் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பினாய். பிறந்த இடம் சங்கரன்கோவில் என்றே இருக்கிறது. உன்னுடைய பழைய சாதிச் சான்றிதழ் அட்டையை நீ அனுப்ப வேண்டும். அதில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும், இப்போது நாம் தென்காசி மாவட்டம். 2019-இல் பிரித்தார்கள், யாரும் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு மட்டும் டிஜிட்டல் கையெழுத்து உள்ள புதிய சான்றிதழ் வாங்கிவிடலாம்.

பெயர் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அந்த ஊர் வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வேண்டும் என்று உங்கப்பா பெயரை முன்னால் போட்டு, நடுவில் இவள் பெயர், கடைசியில் உன் பெயர். ஆதாரில் தேன்மொழி முருகேசன். பள்ளிக்கூடத்தில் மு. தேன்மொழி. மூன்று காகிதத்தில் மூன்று பிள்ளைகள்! ஏலே, பத்து வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தாயே, ஒரு நாளாவது அந்தப் பெயரை வாசித்துப் பார்த்தாயா? பரவாயில்லை, பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறது. உதவி மையத்தில் கேட்டேன். பெயர் வித்தியாசத்துக்கு ஒரு விளக்கக் கடிதமும் ஆதாரும் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விண்ணப்பத்தில் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே பெயரை அடிப்போம்.

இன்னொன்று, பதிவுசெய்யும்போது போன் நம்பர் உன்னுடையதாகவோ அவளுடையதாகவோ இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு பையன் பிரௌசிங் சென்டர்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டான். ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகிறது, அவரோ குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்விட்டார். கெடு முடிகிற அன்றைக்குப் பையன் கடை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

இனி, நீ நேராகக் கேட்காத கேள்வி. மூன்றாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதி, பாதி அழித்திருக்கிறாய். "முதல் பட்டதாரி என்றால் நான் படிக்காதவன் என்று எழுதிக் கையெழுத்துப் போடணுமாமே, அது இல்லாமல் முடியாதா?"

முடியும். போடாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், சலுகை கிடைக்காது, அவ்வளவுதான். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று சான்றிதழ். அதோடு நீயும் அவளும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற ஒரு கூட்டு உறுதிமொழி. கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தால் வருஷத்துக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணம் குறையும். நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் உண்டு, உன் சின்னவனுக்கு அப்புறம் வராது.

ஆனால் நீ பணத்தைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

1999-இல் என்னைக் கலந்தாய்வுக்குக் கூப்பிடவே இல்லை, உனக்குத்தான் வந்தது. துணைக்கு நான். உங்கப்பா துணிப்பையில் சான்றிதழ்களை வைத்து, அந்தப் பையை வேட்டி மடிப்போடு சேர்த்து முடிந்துகொண்டு விடிய விடிய தூங்காமல் வந்தார். உன் முறை வந்தபோது நீ கேட்ட பிரிவில் ஃப்ரீ சீட் முடிந்துபோயிருந்தது, பேமென்ட் சீட்தான் பாக்கி. கட்டணத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவர் வேப்பமரத்தடியில் நின்று விரல்விட்டு எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார். அப்புறம் "டீ குடிப்போமா" என்றார். மூன்று டீ, மூன்று வடை. ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறு மாதம் நீ பேட்டை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்ந்தாய்.

இந்த முதல் பட்டதாரி சலுகை 2010-இல் வந்தது. உனக்குப் பதினோரு வருஷம் பிந்திவிட்டது. அந்தக் காகிதத்தில் 'படிக்காதவன்' என்று எங்கேயும் இல்லை. நான் இன்று காலையில் ஒரு படிவத்தை எடுத்து முழுக்க வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். 'பட்டதாரி இல்லை' என்று இருக்கிறது. அது உண்மைதானே? புதிதாக வருகிற பி.இ. பையன்களுக்கு வெர்னியர் அளவுகோல் பிடிக்கச் சொல்லித்தருவதே நீதான் என்று போன தீபாவளிக்கு நீயே பெருமையாக எழுதினாய். வேறொரு வேடிக்கையும் கேள். என் பையன் அடுத்த வருஷம் பிளஸ் ஒன். அவனுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவன் அப்பன் பி.எஸ்.சி. கணிதம். "உங்க பட்டத்தால வருஷம் இருபத்தஞ்சாயிரம் நட்டம்" என்கிறாள் என் வீட்டுக்காரி.

விருப்பப் பட்டியல் போடுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவைக்கிறேன். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். நமக்கு எது பிடிக்குமோ அது மேலே இருக்க வேண்டும். இது கிடைக்காது என்று நாமே பயந்து கீழே தள்ளக் கூடாது. கல்லூரிப் பெயரை நம்பாதே, கோடு நம்பரைப் பார். கிண்டிக்கு 1, எம்.ஐ.டி.க்கு 4. இரண்டு மாவட்டத்தில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு கல்லூரி இருந்ததால், பக்கத்து ஊருக்குப் போக நினைத்த ஒரு பையன் எங்கோ வடக்கே போய் விடுதியில் இருக்கிறான். முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடு. அதை ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்கும் போகலாம். பதில் சொல்லக் கெடு குறைவு. சும்மா இருந்தால் சீட் போய்விடும். அந்த நாட்களில் போனை மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்.

177-க்குக் கிண்டியில் ஈ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்) பிரிவு கிடைக்காது. போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நெல்லை அரசு கல்லூரியில் ஏதாவது அமையலாம் என்று நினைக்கிறேன். அது சரி, ஈ.சி.இ. ஈ.சி.இ. என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாயே, அவளைக் கேட்டாயா? நேற்று சான்றிதழ் கொடுக்க வந்தபோது கேட்டேன். மெக்கானிக்கல் என்றாள். ஏம்மா என்றால், "அப்பா பண்ற வேலைதானே சார். லீவுக்குப் போனப்ப ஒரு நாள் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்கிறாள். உன்னிடம் சொல்லப் பயமாம். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் அப்படியேதான். நம் பள்ளிக்கூட வாசலில் இருந்த வேம்பை ரோடு போட வெட்டிவிட்டார்கள், பிள்ளைகள் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். உங்கம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். நம்மூர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நீ வந்தால் கலந்தாய்வும் அதை ஒட்டித்தான் இருக்கும், இரண்டும் ஆகும்.

உறுதிமொழிப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சில் குறி போட்ட இடத்தில் நீல மையில் கையெழுத்துப் போடு, சாதிச் சான்றிதழ் அட்டையையும் சேர்த்துக் கூரியரில் அனுப்பு. மடிக்காமல் அனுப்பு, ஸ்கேனில் மடிப்புக் கோடு எழுத்தின் மேல் விழுகிறது.

உன்,
சுப்பையா

பி.கு.: கையெழுத்தைத் தமிழிலேயே போடு. பிளஸ் டூ ஹால் டிக்கெட்டில் போட்டாயே, 'மு'வைச் சுழித்து, அது நன்றாக இருக்கும்.