பிள்ளையைக் காட்டாமல் மறிக்க எங்களுக்கு உரிமை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிந்துபோன தாய் தகப்பனில் பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்று நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகும், அதன்படி நடப்பதா இல்லையா என்பதை எங்கள் ஊரில் வீட்டு விறாந்தையிலேயே முடிவெடுக்கிறோம். நானும் அப்படி நடந்தவள்தான்.

பேரனின் கட்டுக்காப்பு, அதாவது அவனைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை, மகளுக்குக் கிடைத்தது. ஞாயிறு காலை 9 மணி தொடக்கம் மாலை 5 மணி வரை தகப்பன் கூட்டிச்செல்லலாம் என்பது மாவட்ட நீதிமன்றக் கட்டளை. பிள்ளையின் செலவுக்குத் தகப்பன் தரவேண்டிய தாபரிப்புப் பணம் இரண்டு மாதம் வரவில்லை. அந்தக் கோபத்தில், படலையில் வந்து நின்ற மருமகனிடம் "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சப்பாத்துப் போட்டுக் காத்திருந்த பேரன், மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியதும் வந்து என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தான். "எனக்குக் காய்ச்சலா அம்மம்மா?" அவனுக்கு ஏழு வயது.

தாபரிப்பு வேறு, சந்திப்பு வேறு. பணம் தராவிட்டால் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது, போகவும் வேண்டும். ஆனால் இரு பெற்றோருடனும் தொடர்பில் இருப்பது பிள்ளையின் உரிமை. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. தகப்பன் மறுமணம் செய்தால் தாயில்லாப் பிள்ளைகளை அம்மம்மா வளர்ப்பதை யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையே பேசுகிறது. அந்தப் பழக்கத்தில் ஊறிய எங்களுக்கு, பேரப்பிள்ளை எங்களுடையது என்ற எண்ணம் இலேசில் போகாது. நீதிமன்றம் பார்ப்பதோ பிள்ளையின் நலனை.

தகப்பன் குடித்துவிட்டு வருகிறார், பிள்ளைக்கு அடிக்கிறார் என்றால் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் என்ற விண்ணப்பத்தைப் போட்டுக் கட்டளையை மாற்றக் கேளுங்கள். பொய்க் காய்ச்சல் சொல்லாதீர்கள்.

நீதிபதிகளிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் கட்டளையில் நாளும் நேரமும் மட்டுமே இருந்தன. பிள்ளையை எங்கே கையளிப்பது, உண்மையாகவே காய்ச்சல் வந்தால் பதிலுக்கு எந்த நாள், பள்ளி விடுமுறையில் என்ன செய்வது என்று ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் மூண்டன. வழக்கு தவணைக்கு மேல் தவணை போகையில் பிள்ளையும் வளர்ந்துவிடுகிறது. கட்டளை எழுதும்போதே இவற்றையும் எழுதிவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓர் அம்மம்மா,
கோண்டாவில்.